செகண்ட் ஹேண்ட் பிக்கப்: ஸ்டிக்கருக்கு முன்னாடி இன்ஜின், இன்ஜினுக்கு முன்னாடி கணக்கு



"சார், கையில கொஞ்சம் காசு இருக்கு. பழைய பிக்கப் ஒண்ணு வாங்கி, ரெடி பண்ணி, கம்பெனி லோடு ஓட்டலாமா?" நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. வழக்கமா ஒரு எக்செல் ஷீட் போட்டு பதில் சொல்லிடுவேன். இந்த முறை அந்த ஷீட்டில் நான் விட்ட ஒரு வரியைப் பற்றிச் சொல்லப் போறேன். தப்பு என்னோடது. அதுக்குக் காசு கொடுத்தது என் சித்தப்பா பையன். அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "பேரைப் போடாதீங்கண்ணா, கணக்கை மட்டும் போடுங்க"ன்னு சொன்னான்.

தண்டலத்தில் எல்லாரும் ஏன் பிக்கப் வாங்குறாங்க?

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ஹைவேயில் வந்தா, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னாடி வர்ற ஊர் தண்டலம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ ஓட ஆரம்பிச்சது. ஒரகடம் பக்கம் 2010-ல் ரெனோ-நிஸான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டுன்னு வரிசையா வந்தாங்க. பெரிய கம்பெனி ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி பார்ட்ஸ் செய்யுற சின்ன கம்பெனிகள் நிறைய. பெரிய கம்பெனி ஸ்டாக் சேர்த்து வைக்காது, நேரத்துக்கு நேரம் கேட்கும். அதனால கன்டெய்னர் லாரிக்குப் போதாத, ஆட்டோவுக்கு அதிகமான லோடு நாள் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கும்.

அந்த இடத்தைப் பிடிச்சது சின்ன வண்டிகள்தான். 2005-ல் டாடா ஏஸ் வந்தப்போ நம்ம ஊர் அதுக்கு 'குட்டி யானை'ன்னு பேர் வெச்சுடுச்சு. 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. பொலேரோ பிக்கப் ஏற்கனவே ரோட்டில் இருந்தது. ஒரு வண்டியும் ஒரு டிரைவரும் இருந்தா ஒரு தொழில். என் தம்பியும் அப்படித்தான் யோசிச்சான்.

அவன் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் எட்டு வருஷம் கான்ட்ராக்ட் தொழிலாளி. நைட் ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துக்கலை. பேக்கிங் பொருள் சப்ளை செய்யுற ஒருத்தர், மாசம் 25 நாள் வண்டி எடுத்துக்கிறேன்னு வாக்குக் கொடுத்தார். தண்டலத்திலிருந்து ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைன்னு தினமும் சுமார் 80 கிலோமீட்டர். அவன் பார்த்து வெச்ச வண்டி 2015 மாடல் பிக்கப். எந்த பிராண்ட்னு சொல்லலை, அது இங்கே முக்கியமும் இல்லை. விலை 3,10,000 ரூபாய்.

நான் போட்ட ஷீட்

கையிலிருந்து 90,000. மீதி 2,20,000 கடன், 16% வட்டி, 36 மாசம். இ.எம்.ஐ. சுமார் 7,735 ரூபாய். ஒரு நாள் வாடகையில் டீசல், டோல், டீ செலவு போக 1,600 நிக்கும். 25 நாளுக்கு 40,000. இ.எம்.ஐ. போக 32,265. இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர் எல்லாத்துக்கும் சேர்த்து மாசம் 5,000 ஒதுக்கினா மிச்சம் 27,265.

கம்பெனியில் அவன் வாங்கினதை விட இது அதிகம். "எடுத்துடலாம்டா"ன்னு சொன்னேன்.

பேப்பர் எல்லாம் நானே பார்த்தேன். ஆர்.சி.யில் பழைய ஃபைனான்ஸ் அடைமானம் நீக்கியிருக்கா, எஃப்.சி. எதுவரை இருக்கு, செலான் பாக்கி இருக்கா, பசுமை வரி கட்டியாச்சா, எல்லாம் சரி. ஆனா இன்ஜினை யாரும் பார்க்கலை. விற்கிறவர் "இன்ஜின் கில்லி மாதிரி இருக்கு சார்"னு சொன்னார். ஸ்டார்ட் பண்ணினோம், ஓடுச்சு. அதோட விட்டுட்டோம்.

பத்து வருஷ வண்டி வாங்குற ஷீட்டில் இன்ஜினுக்கு ஒரு ரூபாய் கூட ஒதுக்கலை. நான் விட்ட வரி அதுதான்.

ஆயுத பூஜைக்கு வண்டி 'ரெடி' ஆச்சு

வண்டி வந்தது செப்டம்பர் நடுவில். ஆயுத பூஜை நெருங்கிட்டுது. முதல் வண்டி, முதல் பூஜை. தம்பி 38,000 ரூபாய் செலவு பண்ணினான். புது மியூசிக் சிஸ்டம், நாலு ஸ்பீக்கர், கேபின் உள்ளே கலர் எல்.இ.டி., பளபளன்னு சீட் கவர், ஸ்டீயரிங் கவர், கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர். வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைச்சு, போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பினான். நானும் ஹார்ட் போட்டேன்.

அந்த சீட் கவருக்குக் கீழே ஃபோம் நசுங்கி கம்பி தெரிஞ்சது. காலடி மேட்டுக்குக் கீழே தகடு துரு பிடிச்சு ஓட்டை. அதையெல்லாம் யாரும் தூக்கிப் பார்க்கலை.

ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு. கார்த்திகை மாசம் ஒரு மதியம், ஒரகடம் போற சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் வண்டி இழுக்காம நின்னுச்சு. பானட்டைத் திறந்தா ஆவி. ஒரு ரப்பர் ஹோஸ் வெடிச்சு, கூலண்ட் மொத்தமும் ரோட்டில்.

"டெம்பரேச்சர் முள் ஏறுறதைப் பார்க்கலையா?"ன்னு கேட்டேன். "முள்ளு கீழேயேதான் இருந்துச்சுண்ணா. இன்ஜின் கூலா இருக்குன்னு நினைச்சேன்"னு சொன்னான்.

மெக்கானிக் டேஷ்போர்டைக் கழட்டினப்போ விஷயம் தெரிஞ்சது. மியூசிக் சிஸ்டம் மாட்டின ஆள் மீட்டரைக் கழட்டியிருக்கார். திரும்ப மாட்டும்போது டெம்பரேச்சர் கேஜோட கனெக்டர் சரியா உட்காரலை. அந்த வண்டியில் கனெக்‌ஷன் விட்டுப்போனா முள் 'சி'யிலேயே படுத்துக்கும். ரெண்டு மாசமா அந்த முள் அசையவே இல்லை. தண்டலம் வெயிலில் லோடு ஏத்தி ஓடுற வண்டியில் முள் ஒரு நாளும் மேலே வரலைன்னா, அது இன்ஜின் கூலா இருக்குன்னு அர்த்தம் இல்லை, கேஜ் வேலை செய்யலைன்னு அர்த்தம்.

ஹெட் கேஸ்கெட் போச்சு. சிலிண்டர் ஹெட் வளைஞ்சு போச்சு. ஒரு பிஸ்டனில் கோடு விழுந்துடுச்சு.

நாலு வழி, ஒரு முடிவு

அன்னிக்கு ராத்திரி சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இந்த இடத்தில்தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, அதனால விவரமா சொல்றேன்.

முதல்ல, போன காசை ஷீட்டிலிருந்து எடுத்துடுங்க. வண்டிக்குக் கொடுத்த 3,10,000, அலங்காரத்துக்குப் போன 38,000, எது செஞ்சாலும் இதெல்லாம் திரும்பி வராது. "இவ்வளவு போட்டுட்டேனே"ங்கிற எண்ணம் அடுத்த முடிவைக் கெடுக்கும். இன்னிக்கு நிலவரத்தை மட்டும் வெச்சு யோசிங்க.

ஒண்ணு, அப்படியே விற்கிறது. புரோக்கர் கேட்டது 1,60,000. கடன் பாக்கி சுமார் 2,10,000. வித்தா வண்டியும் இல்லை, 50,000 கடன் மட்டும் மிச்சம்.

ரெண்டு, ஹெட் வேலை மட்டும் செய்யுறது. 30,000-க்குள்ள முடிஞ்சிருக்கும். ஆனா பிஸ்டனில் கோடு விழுந்த இன்ஜினுக்கு ஹெட்டை மட்டும் சரி பண்ணினா ஆயில் குடிக்கும், சில மாசத்தில் திரும்பவும் கழட்டணும். லேபர் ரெண்டு தடவை.

மூணு, புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்கி மாட்டுறது. எங்களுக்குச் சொன்ன விலை 65,000, மாட்ட 15,000, ஆக 80,000. அந்த இன்ஜின் எவ்வளவு ஓடிச்சுன்னு யாருக்கும் தெரியாது. இன்ஜின் நம்பர் மாறும். ஆர்.டி.ஓ.வில் தெரிவிச்சு ஆர்.சி.யில் ஏத்தணும். ஏத்தாம ஓட்டினா எஃப்.சி.யிலும் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் மாட்டுவீங்க. பில் இல்லாத இன்ஜினை எவ்வளவு மலிவா கொடுத்தாலும் தொடாதீங்க, அது திருட்டு வண்டியோடதா இருந்தா உங்க வீட்டுக்குத்தான் போலீஸ் வரும்.

நாலு, இருக்கிற இன்ஜினையே முழுசா ஓவர்ஹால் பண்றது. செலவு 92,000. வேலை முடிஞ்சா வண்டி சுமார் 3 லட்சம் பெறும். 1,60,000-க்குப் போற வண்டி மேல 92,000 போட்டா 1,40,000 மதிப்பு ஏறுது, அதோட ஓடிச் சம்பாதிக்கவும் செய்யும்.

புது வண்டியையும் யோசிச்சோம். 2025 செப்டம்பர் 22-லிருந்து சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28%-லிருந்து 18%-க்கு இறங்கிடுச்சு, அதனால புதுசுக்கும் பழசுக்கும் இடைவெளி முன்னைவிடக் குறைவு. நீங்க இன்னும் வாங்கலைன்னா இந்த ஒப்பீட்டைக் கட்டாயம் செய்யுங்க. ஆனா 8 லட்சம் கடன், 10.5% வட்டி, 5 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 17,200. ஏற்கனவே பழைய கடன் வெச்சிருக்கிற தம்பிக்கு அது தாங்காது.

நாலாவது வழியை எடுத்தோம். அவன் மனைவி செயினைக் கழட்டிக் கொடுத்தாங்க. நகைக்கடன் ஒரு லட்சம். அந்த ராத்திரி நான் அதிகம் பேசலை.

92,000 எங்கே போச்சு?

"இன்ஜின் வேலை, மொத்தம் இவ்வளவு"ன்னு ஒரே வரியில் எஸ்டிமேட் கொடுத்தா ஒத்துக்காதீங்க. பிரிச்சு எழுதி வாங்குங்க. எங்க பில் இது. உங்க ஊரில், உங்க வண்டிக்கு விலை மாறும்.

- ஹெட் ஃபேஸிங், வால்வு வேலை (லேத்): 9,500
- பிஸ்டன், ரிங், லைனர் செட்: 24,000
- பேரிங், கேஸ்கெட் செட், ஆயில் சீல்: 14,500
- வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ்கள், ரேடியேட்டர் சர்வீஸ்: 11,000
- இன்ஜெக்டர் டெஸ்ட், சர்வீஸ்: 8,000
- ஆயில், ஃபில்டர், கூலண்ட்: 6,000
- லேபர்: 19,000

இதில் நாலாவது வரியையும் ஆறாவது வரியையும் பாருங்க. 11,000 + 6,000 = 17,000. வண்டி வாங்கின முதல் வாரமே இந்த 17,000 வேலையைச் செஞ்சிருந்தா அந்த ஹோஸ் வெடிச்சிருக்காது, மீதி 75,000 செலவும் வந்திருக்காது. ஆனா அந்தக் காசு அப்போ ஸ்பீக்கரா மாறிடுச்சு.

செலவு இதோட முடியலை. வண்டி 19 நாள் ஷெட்டில் நின்னுச்சு. அதில் வேலை நாள் 16. ஒரு நாளைக்கு 1,600 வீதம் 25,600 ரூபாய் வருமானம் போச்சு. இ.எம்.ஐ. நிக்கலை. சப்ளையர் நல்ல மனுஷர், 19 நாள் வேற வண்டி வெச்சு சமாளிச்சார். இன்னொருத்தரா இருந்தா கான்ட்ராக்டே போயிருக்கும். ரிப்பேர் பில்லை மட்டும் பார்க்காதீங்க, வண்டி நிக்கிற நாளுக்கும் ஒரு விலை உண்டு. 75,000 + 25,600. தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் ஒரு லட்சத்துக்கு மேல்.

"இன்சூரன்ஸ் தராதா சார்?" தராது. சாதாரண மோட்டார் பாலிசியில் மெக்கானிக்கல் கோளாறும் தேய்மானமும் சேராது. அது விபத்துக்கான பாலிசி.

உள்ளே செய்யுற வேலை வீண் செலவா?

இல்லை. அதுவும் நான் தப்பா நினைச்ச விஷயம்தான்.

இன்ஜின் ஓவர்ஹால் நடக்கும்போதே கேபினையும் கழட்டச் சொன்னேன். மியூசிக் சிஸ்டத்துக்காக வெட்டி ஒட்டின வயர்களை எடுத்து, ஃபியூஸ் வெச்சு ஒழுங்கா வயரிங் செஞ்சது 4,500. டிரைவர் சீட்டுக்குப் புது ஃபோம், ரெக்ஸின் 4,000. தரை ஓட்டையை வெல்டிங் வெச்சு அடைச்சு, ரப்பர் மேட் போட்டது 3,500. கதவு பீடிங், கண்ணாடி ஏத்துற கைப்பிடி 2,000. சின்ன ஃபேன் 1,000. மொத்தம் 15,000. நகைக்கடனுக்கு மேல தேவைப்பட்ட 7,000 நான் கொடுத்தேன். கடன்னு சொல்லித்தான் வாங்கிக்கிட்டான்.

அந்த ஓட்டை வழியா இன்ஜின் சூடும் புகையும் கேபினுக்குள்ளே வந்துக்கிட்டு இருந்திருக்கு. சாயங்காலம் ஆனா தலைவலின்னு இவன் மாத்திரை போட்டுக்கிட்டு இருந்திருக்கான். வேலை முடிஞ்ச பிறகு தலைவலி போச்சு, இடுப்பு வலி குறைஞ்சுச்சு. முன்னாடி நாலு மணிக்கே போதும்னு வண்டியை நிறுத்திடுவான். இப்போ ஆறு மணி டிரிப்பையும் எடுக்குறான்.

டிரைவர் உட்கார்ற இடம் ஆடம்பரம் இல்லைன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட விஷயம். 3.5 டன்னுக்கு மேற்பட்ட புது லாரிகளுக்கு கேபின் ஏ.சி. கட்டாயம்னு 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவிக்கை போட்டுது. நம்ம சின்ன பிக்கப் அந்த வரம்புக்குள் வராது. அதனால நம்ம டிரைவர் சீட்டை நாமதான் பார்த்துக்கணும்.

பழைய வண்டிக்குச் செய்யுற ஒவ்வொரு செலவையும் மூணு டப்பாவில் ஒண்ணில் போடுங்க. வண்டியை ஓட வைக்கிறது முதல் டப்பா: இன்ஜின், பிரேக், டயர், வயரிங். ஆளை ஓட வைக்கிறது ரெண்டாவது: சீட், தரை, காத்து, கண்ணாடி. கண்ணுக்கு அழகு மூணாவது. முதல் ரெண்டுக்கும் முதலிலிருந்து செலவு பண்ணலாம். மூணாவதை வண்டி சம்பாதிச்ச லாபத்திலிருந்து மட்டும் பண்ணுங்க. பூஜைக்கு மாலையும் சந்தனமும் போதும், சாமி ஸ்பீக்கர் கேட்கலை.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம்

உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க, அவருக்கு ஒரு நாள் கூலி கொடுங்க. விற்கிறவர் சொல்ற மெக்கானிக் வேண்டாம். பார்க்க வேண்டியது இவ்வளவுதான்:

1. காலையிலேயே போங்க. இன்ஜின் மேல கை வைங்க. ஏற்கனவே சூடா இருந்தா, உங்களுக்காக ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க. ஆறின இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னு பார்க்கணும்.
2. சாவியை 'ஆன்' பண்ணினா எச்சரிக்கை விளக்குகள் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். கொஞ்ச தூரம் ஓட்டினதும் டெம்பரேச்சர் முள் நகரணும். இது எங்களுக்கு ஒரு லட்ச ரூபாய் பாடம்.
3. புகையைப் பாருங்க. நீலம்னா ஆயில் எரியுது. கறுப்பு நிறைய வந்தா டீசல், காத்து விஷயத்தில் கோளாறு. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்கலைன்னா கூலண்ட் உள்ளே போகுதான்னு சந்தேகப்படுங்க.
4. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தா புஸ் புஸ்ஸுன்னு புகை அடிக்குதா? ரிங் தேய்ஞ்சிருக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.
5. ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தா கிளம்பி வந்துடுங்க. ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதில் துருத் தண்ணி இருந்தா விலையைக் குறைங்க. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீங்க.
6. மேட்டைத் தூக்குங்க, சீட்டை அமுக்குங்க, டேஷ்போர்டுக்குக் கீழே குனிஞ்சு வயர் ஒட்டுகளை எண்ணுங்க. மீட்டரில் 60,000 கி.மீ. காட்டி, பெடல் ரப்பர் வழவழன்னு தேய்ஞ்சிருந்தா மீட்டரை நம்பாதீங்க.
7. இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஆர்.சி.யோட நேரில் ஒத்துப் பாருங்க.

பேப்பரில் படிவம் 29, 30 போட்டு பேர் மாத்துங்க. பழைய கடன் இருந்தா படிவம் 35. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிங்க, பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம். 15 வருஷம் தாண்டினா எஃப்.சி. கட்டணமே பல மடங்கு. அதையும் ஷீட்டில் போடுங்க.

இதெல்லாம் முடிஞ்சதும் ஒரே ஒரு வரம்பு போடுங்க. அதே மாடல், அதே வருஷம், நல்ல நிலையில் இருக்கிற வண்டி உங்க ஏரியாவில் என்ன விலைக்குப் போகுது? வாங்குற விலையும் முதல் மாச ரிப்பேரும் சேர்ந்து அதைத் தாண்டக்கூடாது. எங்களுக்கு அது 3,40,000. வாங்கினது 3,10,000. மிச்சம் இருந்தது 30,000 மட்டும். கூலிங், ஆயில் வேலை 17,000-மும் வயரிங், தரை, சீட்டுக்கு 12,000-மும் போட்டிருந்தா 29,000-த்தில் முடிஞ்சிருக்கும். கடைசியில் மொத்தம் போட்டது 4,55,000.

"ரிப்பேர் செலவை வரியில் கழிக்கலாமா சார்?"

சி.ஏ.ன்னா இந்தக் கேள்வி வராம இருக்காது. நேரா சொல்லிடுறேன்: தம்பி மாதிரி ஒத்தை வண்டிக்காரருக்கு வரி மிச்சம் கிட்டத்தட்ட பூஜ்யம்.

வருமான வரிச் சட்டம் 1961-ல் 44ஏஇ பிரிவு இருக்கு. வருஷத்தில் எந்த நேரத்திலும் பத்துக்கு மேல் சரக்கு வண்டி வெச்சிருக்காதவங்க, வாடகைக்கு ஓட்டினா, கனரக வண்டி அல்லாத ஒவ்வொண்ணுக்கும் மாசம் 7,500 ரூபாய் வருமானம்னு காட்டலாம். வருஷத்துக்கு 90,000. கணக்குப் புத்தகம் தேவையில்லை. ஆனா அந்த 7,500-லேயே ரிப்பேர், டீசல், தேய்மானம் எல்லாம் கழிஞ்சதா அர்த்தம். 92,000 ரூபாய் பில்லைக் காட்டி தனியா கழிக்க முடியாது. அதைவிடக் குறைச்சலா காட்டணும்னா கணக்கு எழுதணும், தணிக்கையும் செய்யணும். 2025-26-லிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரிக்குரிய சாதாரண வருமானத்துக்கு 87ஏ தள்ளுபடியால் வரி இல்லை. அப்புறம் எதுக்குத் தணிக்கை? "பில் போட்டா வரி மிச்சம்"னு யாராவது சொன்னா அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க.

கணக்கு எழுதுற தொழில்காரரா இருந்தா விஷயம் வேற. இருக்கிற இன்ஜினை ஓவர்ஹால் பண்றது பொதுவா நடப்பு ரிப்பேர், அந்த வருஷமே கழிக்கலாம். வேற இயந்திரத்தையே கொண்டுவந்து மாட்டினா கேள்வி வரும். தமிழ்நாட்டு நூற்பாலையான சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: இருக்கிற சொத்தைக் காப்பாத்தச் செய்யுறது ரிப்பேர், புது சொத்தைக் கொண்டுவர்றது ரிப்பேர் இல்லை. நம்ம விஷயத்துக்கு இன்னும் நெருக்கமா ஒரு பழைய வழக்கு இருக்கு. மீர் முகமது அலின்னு ஒரு பஸ் முதலாளி, தன் பஸ்களில் பெட்ரோல் இன்ஜினை எடுத்துட்டு டீசல் இன்ஜின் மாட்டினார். மெட்ராஸ் வருமான வரித் துறையோட நடந்த அந்த வழக்கில், 1964-ல் உச்ச நீதிமன்றம் அந்த இன்ஜினே ஒரு தனி இயந்திரம்தான்னு ஏத்துக்கிட்டு, புது இயந்திரத்துக்கான கூடுதல் தேய்மானத்தை அனுமதிச்சது. அதனால இன்ஜினையே மாத்துறீங்கன்னா செலவா, சொத்தான்னு உங்க ஆடிட்டரிடம் முன்னாடியே கேட்டுக்குங்க. வாடகைக்கு ஓடுற லாரிக்குத் தேய்மானம் 30%, சொந்த வியாபாரத்துக்கு மட்டும்னா 15%.

இன்னும் ரெண்டு. கணக்கு எழுதுறவங்க ஒரே நாளில் ஒருத்தருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமா கொடுத்தா அந்தச் செலவு கழியாது. வண்டியையே ரொக்கத்தில் வாங்கினா அதுக்குத் தேய்மானமும் கிடையாது. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தா, சரக்கு வண்டி ரிப்பேருக்கும் பார்ட்ஸுக்கும் கட்டின வரியைப் பொதுவா உள்ளீட்டு வரியா எடுக்கலாம்; காருக்கு இருக்கிற தடை சரக்கு வண்டிக்கு இல்லை. பதிவு இல்லாட்டியும் பில் வாங்குங்க. பார்ட்ஸ் வாரண்டிக்கும், நாளைக்கு வண்டியை விற்கும்போது விலை பேசவும் அதுதான் சாட்சி.

2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 என்பதால் பிரிவு எண்கள் மாறுது. ஃபைல் பண்ணும்போது புது எண்ணைப் பார்த்துக்குங்க.

இப்போ ஷீட்டில் இருக்கிற வரி

என் ஷீட்டில் இப்போ ஒரு புது வரி இருக்கு: 'இன்ஜின் உண்டியல்'. ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2 ரூபாய். மாசம் 2,000 கி.மீ., அதனால 4,000 ரூபாய். தனி சேவிங்ஸ் அக்கவுண்ட், ஏ.டி.எம். கார்டு இல்லை. 23 மாசத்தில் 92,000 சேரும், அதாவது இன்னொரு ஓவர்ஹால். அதைக் கழிச்சா அவன் கையில் மாசம் 23,265. முதலில் நான் சொன்ன 27,265 பொய்க்கணக்கு, அந்த 4,000 எப்பவுமே இன்ஜினோட காசுதான்.

இதிலிருந்துதான் நகைக்கடனையும் கட்டுறான். செயின் இன்னும் திரும்பலை. போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போனப்போ வண்டிக்குள்ளே ஏறிப் பார்த்தேன். ஸ்பீக்கர் ரெண்டு குறைஞ்சிருந்தது. "வித்துட்டியா?"ன்னு கேட்டேன். "ஆமாண்ணா, உண்டியல்ல போட்டுட்டேன்"னு சொல்லிட்டு சாவியைத் திருப்பினான். பேசிக்கிட்டே இருந்தோம், அவன் கண்ணு மட்டும் அந்த முள் மேலயே இருந்துச்சு.

பழைய பிக்கப் வாங்கப் போறீங்கன்னா மேலே சொன்ன ஏழு பாயிண்டை மொபைலில் சேமிச்சு வெச்சுக்குங்க. ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா, நாளைக்குக் காலையில் வண்டி எடுத்ததும் அந்த முள் அசையுதான்னு பாருங்க. இந்தக் கணக்கைப் படிப்படியா போட்டுக் காட்டி அடுத்த வீடியோ போடுறேன். சந்திப்போம்.